புரட்டாசிக் கொடுவா

மீன் வெட்டும் கத்தியை
நானே நாளிதழில் சுற்றி
மேல்தட்டில் ஏற்றி இருபத்தைந்து நாள்.
சட்டிகளுக்கு மஞ்சள் தண்ணீர்,
சாப்பாட்டுக்கு இலை, ஐந்து காய், அப்பளம்.
மாதம் முடியும்வரை இந்த வீட்டில்
மீன் வெறும் சொல்.

"அப்புறம் எதற்குப் போகிறாய்?"
விளக்கைப் போடாமலே கேட்டார் இளஞ்சேரன்.
மணி மூன்றே முக்கால்.
இறால் வாளியில் காற்றுக்குமிழ் வருகிறதா என்று
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து உபான் படகுத்துறை. ருஸ்லியின் சம்பான்.
தலைக்கு மேல் பாதி நிலா.
அஷ்டமியன்று நல்லது எதையும் தொடங்காதே என்று
நாட்காட்டி சொல்கிறது.
பௌர்ணமி நீர் ஓடும்,
ஈயக்குண்டையும் இழுத்துக்கொண்டு ஓடும்.
அஷ்டமி நீர் நடக்கும்.
நடக்கிற நீரில், பாலத்தூணின் முதுகுப் பக்கம்,
கொடுவா முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்.

நேற்றைய மழைக்குப் பிறை ஆறு
வயிற்றில் இருந்ததையெல்லாம் கடலில் கொட்டியிருந்தது.
தண்ணீர் தே தாரிக் நிறம்.
தெளிந்திருந்தால் வாலாட்டும் ரப்பர் மீன் போதும்;
கலங்கினால் உயிர் இறால்.
கொம்புக்கு அடியில், அந்தக் கரும்புள்ளியைத் தொடாமல்
கொக்கி ஏற வேண்டும்.
தொட்டால் செத்துவிடும்.
செத்த இறாலுக்குக் கெளுத்திதான் வரும்.

பாயான் லெப்பாசில் என் வேலை
நுண்ணோக்கிக்குள் குனிந்திருப்பது.
முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி
ஒட்டியிருக்கிறதா, விலகியிருக்கிறதா.
பத்து மணி நேரம் நான் இரண்டு கண்.
இங்கே கண்ணுக்கு விடுமுறை.
ஈயம் சேற்றைத் தொட்டதும்
நரம்பு ஒரு பெருமூச்சு விடும்.
அங்கிருந்து ஒரு முழம் தூக்கு.
நிறுத்து.
எண்ணாதே, எண்ணினால் விரலுக்குக் காது கேட்காது.

மேலே தொழிற்சாலைப் பேருந்துகள்,
பட்டர்வொர்த்திலிருந்து தூங்கிக்கொண்டே வருகிறவர்கள்.
பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் டக், டக்.
அந்த டக்கையும் மீனின் டக்கையும் பிரிக்க
எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

ஐந்து நாற்பதுக்கு நீர் நின்றது.
ஏறவும் இல்லை, வற்றவும் இல்லை.
ருஸ்லி சிகரெட்டை அணைத்தான்.

கொடுவா கடிக்காது.
வாயைத் திறக்கும்;
ஒரு குடம் கடலோடு இறாலும் உள்ளே போகும்.
கையில் தெரிவது இவ்வளவுதான்:
கனம் திடீரென்று காணாமல்போகும்.

அடித்தேன்.

தூணை நோக்கி ஓடியது. தூணில் சிப்பி, சிப்பியில் கத்தி.
கோலைப் பக்கவாட்டில் சாய்த்துத் திருப்பினேன்.
பிறகு அது துள்ளியது.
துள்ளும்போது கோலைத் தாழ்த்த வேண்டும்,
நரம்பு இறுகியிருந்தால் ஒரே உதறலில் கொக்கி தெறிக்கும்.
மூன்று முறை துள்ளியது,
மூன்று முறை குனிந்தேன்.
எந்தச் சன்னதியிலும் இவ்வளவு ஒழுங்காகக் குனிந்ததில்லை.

தலைவிளக்கில் அதன் கண்
ஊதினால் விழித்துக்கொள்ளும் கரி.
ஐந்தரைக் கிலோ இருக்கும். ருஸ்லி விலை சொன்னான்.
அவன் வீட்டில் விரதம் இல்லை,
கொடுத்திருக்கலாம். கொடுக்கத்தான் நினைத்தேன்.
கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்து
நீருக்குள் இறக்கி, மெல்ல முன்னே தள்ளி,
செவுள் திறந்து மூடுகிறதா என்று பார்த்தபோது
விரல் தானாக விட்டது.
முகத்தில் ஒரு வாலடி உப்பு.

"கீலா," என்றான் ருஸ்லி.
என்னையா, மீனையா, கேட்கவில்லை.
அடுத்த இறாலைக் கொக்கியில் ஏற்றினேன்.

ஒன்பதரைக்குக் கோயில். நான்காம் சனி, நீண்ட வரிசை.
இளஞ்சேரன் ஒன்றும் கேட்கவில்லை,
என் பக்கம் மட்டும் மூக்கைச் சுருக்கினார்.
சுவரில் பத்து வடிவங்கள் வண்ணமாக.
முதலாவதைச் சற்று வேகமாகக் கடந்தேன்.

பட்டர் கரண்டியோடு வந்தார்.
கட்டைவிரலில் பல் உரசிய தோல்,
இரண்டு எலுமிச்சை தேய்த்தும் போகாத வாடை.
குழித்த உள்ளங்கையில்
துளசி, பச்சைக் கற்பூரம்,
அடியில் கொஞ்சம் கடல்.

குடித்தேன்.